ரேடியோ அயோடின் சிகிச்சை: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தபின் கொடுக்கிற அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்தின் அளவு நூறு மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். அதிலிருக்கும் அயோடினை மட்டும் எடை போட்டால் சுமார் 0.8 மைக்ரோகிராம்தான் வரும். கடையில் வாங்கும் அயோடின் உப்பில் சட்டப்படி கிராமுக்கு 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி உப்பு 5 கிராம் என்றால் 75 மைக்ரோகிராம். மருந்தில் இருப்பதைப்போல் தொண்ணூறு மடங்குக்கு மேல் அயோடினை அந்த ஒரு தேக்கரண்டி உப்பே உடம்புக்குள் கொண்டுபோய்விடும். இது மருந்து அயோடின், இது குழம்பு அயோடின் என்று தைராய்டு செல்லுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வயிறு முட்டச் சாப்பிட்டவர் முன்னால் மறுபடி இலை போட்ட கதைதான். செல் வாங்கிக்கொள்ளாத மருந்து சிறுநீரில் போய்விடும்.

ஆகவே இந்தச் சிகிச்சையின் பாதி வெற்றி அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், வீட்டு அடுப்படியில் முடிவாகிறது. காலையில் மரச்சீனியும் சாளைக்கறியும், மதியம் நெய்மீன் குழம்பு, ராத்திரி கஞ்சிக்குச் சுட்ட கருவாடு என்று சாப்பிட்டுப் பழகிய நம் மாவட்டத்தில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மருத்துவமனை தரும் தாள்தான் உங்களுக்குக் கடைசி வார்த்தை. அந்தத் தாளில் இருக்கும் ஒவ்வொரு விதியும் ஏன் என்று புரிந்தால் கடைப்பிடிப்பது எளிது. அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

எந்த அயோடின் எதற்கு

சாதாரண அயோடினின் நிறை எண் 127. அது கதிர்வீச்சு இல்லாதது. மருத்துவத்துக்குப் பயன்படும் கதிரியக்க அயோடின்கள் முக்கியமாக நான்கு.

அயோடின்-131தான் இந்தத் துறையின் முதுகெலும்பு. அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 8 நாள். அதிலிருந்து இரண்டு வகைக் கதிர் வருகிறது. பீட்டா கதிர் திசுவுக்குள் சராசரியாக ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது, மிஞ்சிப்போனால் இரண்டு மில்லிமீட்டர். மருந்தை வாங்கிய செல்லையும் அதை ஒட்டியிருப்பதையும் அழிப்பது இதுதான். 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வருகிறது. மருந்து எங்கே போய்த் தங்கியிருக்கிறது என்று காமா கேமராவில் படம் பிடிக்க அது உதவுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி இருக்க வேண்டியதும் அந்தக் காமா கதிரால்தான். 1938-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லிவிங்குட்டும் கிளென் சீபோர்க்கும் இதைக் கண்டுபிடித்தார்கள். 1941-ல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரப்பது) நோயாளிக்கு முதன்முதலாக ரேடியோ அயோடின் கொடுத்தார். இந்தியாவில் டெல்லூரியத்தை டிராம்பேயின் துருவா அணு உலையில் வைத்து இதைத் தயாரிக்கிறார்கள். மும்பையின் பிரிட் நிறுவனம் மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது.

அயோடின்-123 படம் எடுக்க மட்டும். அரை ஆயுள் 13 மணி நேரம், பீட்டா கதிர் கிடையாது, படம் தெளிவாக வரும். சைக்ளோட்ரானில் செய்ய வேண்டும் என்பதால் விலை கூடுதல். நம் பக்கத்தில் சாதாரண தைராய்டு ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99எம் என்ற வேறொரு தனிமத்தைத்தான் ஊசியாகப் போடுகிறார்கள். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம். அயோடின்-124-க்கு அரை ஆயுள் 4 நாளுக்குச் சற்றுமேல், பெட் ஸ்கேனுக்கு ஏற்றது. அயோடின்-125-க்கு 59 நாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும், கண் புற்றுநோய்க்கு வைக்கும் சிறு விதைகளிலும் அது பயன்படுகிறது.

நாள் குறித்தவுடன் பின்னோக்கி எண்ணுங்கள்

மருந்து குடிக்கும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, சமீபத்தில் சிடி ஸ்கேன் எடுத்தீர்களா, அதில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டார்களா என்பது. நூறு மில்லி கான்ட்ராஸ்ட் மருந்தில் முப்பது கிராமுக்கு மேல் அயோடின் இருக்கலாம். அது மூன்று கோடி மைக்ரோகிராம். நம் அன்றாடத் தேவையோ 150 மைக்ரோகிராம். ஊசியில் இருப்பதில் தைராய்டு எடுத்துக்கொள்ளக்கூடிய கட்டில்லா அயோடின் சிறு பங்குதான் என்றாலும், அந்தச் சிறு பங்கே சிகிச்சையைக் கெடுக்கப் போதும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி கேட்பார்கள். மூச்சுத் திணறலுக்காகவோ வயிற்று வலிக்காகவோ வேறோர் ஆஸ்பத்திரியில் எடுத்த சிடியைச் சொல்ல மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எடுத்ததுதானே, கழுத்துக்கு இல்லையே என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் போன அயோடின் எல்லா இடத்துக்கும் போகும். ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தாலும் இதே கணக்குதான்.

இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரையில் அயோடின் நிறைய உண்டு. அது கொழுப்பில் தங்கிப் பல மாதம் வெளியே வரும். நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரும் அணு மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. புண்ணுக்குப் போடும் பெட்டாடின், அதே மருந்தில் செய்த வாய் கொப்பளிக்கும் நீர், அயோடின் சேர்ந்த சத்து மாத்திரை, சங்கு பவளம் முத்துச்சிப்பி சேர்ந்த நாட்டு மருந்து என்று வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் சொல்வதைவிடப் பையைக் காட்டுவது நல்லது.

கர்ப்பம் இருக்கிறதா என்று மருந்து கொடுக்கும் முன் கட்டாயம் பரிசோதிப்பார்கள். கருவிலிருக்கும் குழந்தையின் தைராய்டு பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் மருந்து போனால் குழந்தையின் தைராய்டு அழிந்துவிடும். கர்ப்பமாக இருந்தால் இந்தச் சிகிச்சை கிடையவே கிடையாது. கல்யாணமாகாத பெண்ணிடம் இதைக் கேட்கிறார்களே என்று வீட்டார் கோபப்பட வேண்டாம். எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

பாலூட்டும் தாய் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். மார்பகமும் அயோடினை இழுக்கும் என்பதால் இது இரண்டு பேருக்குமான பாதுகாப்பு. சிகிச்சைக்குப் பிறகு அந்தக் குழந்தைக்குத் திரும்பவும் பால் கொடுக்கக் கூடாது. அடுத்த குழந்தைக்குத் தடை இல்லை. இதை ஆறு வாரம் முன்பே தெரிந்துகொண்டால் பிள்ளையைப் படிப்படியாக மாற்றலாம். கடைசி வாரத்தில் தெரிந்தால் தாயும் பிள்ளையும் படும் பாடு சொல்லி மாளாது.

மாத்திரையை நிறுத்துவதும் டிஎஸ்எச் ஏறுவதும்

செல்லுக்கு அயோடின் பசி எடுக்க வேண்டுமானால் ரத்தத்தில் டிஎஸ்எச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், ஏற வேண்டும். பொதுவான இலக்கு 30-க்கு மேல். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையை மூன்று நான்கு வாரம் நிறுத்துவது. இடையில் அந்த ஹார்மோனின் இன்னொரு வகையான டி3 மாத்திரை கொடுத்திருந்தால் அதை இரண்டு வாரம் முன் நிறுத்துவார்கள். செலவில்லாத வழி, ஆனால் உடம்பு படுத்தும். முகம் ஊதும், குளிரும், மலம் கட்டும், குரல் கனக்கும், எதைச் செய்தாலும் மந்தமாக வரும். இந்த மந்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனையோ தென்னையோ ஏறுகிறவர்கள், கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கடலுக்குப் போகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், விடியற்காலையில் டார்ச் கட்டி ரப்பர் வெட்டுகிறவர்கள் கடைசி இரண்டு வாரமாவது அந்த வேலையை விட்டு நிற்க வேண்டும். கை கால் சொன்ன நேரத்தில் கேட்காது.

இன்னொன்று, மாத்திரையை நிறுத்தாமல் செயற்கை டிஎஸ்எச் ஊசி. 0.9 மில்லிகிராம் வீதம் அடுத்தடுத்து இரண்டு நாள் தசையில் போட்டு மூன்றாம் நாள் மருந்து கொடுப்பார்கள். உடம்பு மந்தப்படாது. விலைதான் பெரிய தடை. இதயக் கோளாறு உள்ளவர்களும் வயதானவர்களும் செலவானாலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

மாத்திரை நிறுத்தியும் டிஎஸ்எச் ஏறாவிட்டால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: அறுவை சிகிச்சையில் தைராய்டு கணிசமாக மிச்சம் இருக்கிறது, அல்லது வீட்டில் யாரோ பாவம் பார்த்து மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டாவது நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நாளைத் தள்ளிவைப்பது நஷ்டமில்லை. ஏறாத டிஎஸ்எச்சோடு மருந்து குடிப்பதுதான் நஷ்டம்.

இரண்டு வாரச் சமையல்

ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குள் அயோடின் என்பது இலக்கு. ஒன்றிரண்டு வாரம் இருக்க வேண்டும். அடுப்படியில் நிற்பவருக்கு இது தெரியாவிட்டால் பலனில்லை. உணவுத் தாள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருந்தால், சமைப்பவருக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள்.

உப்பில் தொடங்குவோம். அயோடின் சேர்க்காத உப்பு வேண்டும். கல்லுப்பு என்றாலே அயோடின் இல்லை என்று நம்புவது தவறு. பாக்கெட் கல்லுப்பிலும் அயோடின் தெளித்து விற்கிறார்கள். இந்துப்பிலும் இரண்டு வகை உண்டு. பாக்கெட்டைத் திருப்பி, அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா, சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முத்திரை இருந்தால் அது அயோடின் உப்பு. புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களிலிருந்து தெரிந்தவர் கொண்டுவந்து தரும் உப்பைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடலுப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் குறைவுதான். ஆனாலும் கடலுப்பே வேண்டாம் என்று சொல்லும் மருத்துவமனைகளும் இருக்கின்றன, ஆகவே உங்கள் மருத்துவமனை சொல்லும் உப்பையே வாங்குங்கள். கிடைத்த உப்பை ஒரு புது டப்பாவில் போட்டு, பழைய உப்பு மரவையை இரண்டு வாரத்துக்குப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். கண்ணெதிரே இருந்தால் கை பழக்கத்தில் அங்கேதான் போகும். புளி, தேங்காய், நல்லமிளகு, கறிவேப்பிலை ருசியைத் தாங்கும், உப்பைக் குறைத்தாலும் பழகிவிடும்.

மீன் அடியோடு கிடையாது. சாளை, நெத்திலி, நெய்மீன், இறால், கணவாய், நண்டு, கடியப்பட்டினம் சிப்பி, எந்தக் கருவாடும், எல்லாமே. குழம்பிலிருந்து மீனை எடுத்துவிட்டுச் சாறு மட்டும் ஊற்றிக்கொள்ளலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கூடாது. அயோடின் கரைந்து சாறில்தான் இருக்கும். மீன் ஊறுகாயும் நெத்திலிப் பொடியும் இதோடு சேர்ந்தவை.

கடல்பாசியை மறந்துவிடாதீர்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் தக்கலையிலும் தேங்காப்பட்டணத்திலும் கோட்டாற்றிலும் பாலில் காய்ச்சி வார்த்துத் துண்டு போடும் கடல்பாசி, கடலில் விளைந்த பாசியிலிருந்து எடுத்தது. உலகத்துக்கு அயோடின் என்ற தனிமமே முதன்முதலில் தெரியவந்தது பாசிச் சாம்பலிலிருந்துதான். 1811-ல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா கண்டார். ரமலான் மாதத்தில் சிகிச்சை வந்தால் நோன்பு பற்றியும் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள், மருந்து குடித்த நாட்களில் தண்ணீர் நிறையக் குடித்தே ஆக வேண்டும்.

பால், தயிர், மோர், நெய், முட்டை மஞ்சள் கரு இவற்றைத் தள்ளிவையுங்கள். பேக்கரிப் பண்டம், கடையில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ், மிக்சர், அப்பளம், கடை ஊறுகாய், ஹோட்டல் சாப்பாடு எதிலும் என்ன உப்பு என்று யாருக்கும் தெரியாது. செர்ரிச் சிவப்பு நிற மிட்டாயிலும் மருந்துக் கூட்டின் மேலுறையிலும் போடும் எரித்ரோசின் சாயத்திலும் அயோடின் இருக்கிறது.

சரி, என்னதான் சாப்பிடுவது? சம்பா அரிசிச் சோறு, கட்டன் சாயா, தேங்காய்ச் சம்மந்தி, உள்ளித் தீயல், பயறுத் துவரன், தயிர் விடாத அவியல், எரிசேரி, புட்டும் பயறும், மட்டிப்பழம், செவ்வாழை, பலாச்சுளை, பனங்கற்கண்டு, நுங்கு. கோழியும் ஆட்டிறைச்சியும் வீட்டில் நம் உப்பு போட்டு மிதமாகச் சமைக்கலாம். பட்டினி கிடக்கத் தேவையே இல்லை.

மரச்சீனி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதில் அயோடின் மிகக் குறைவு, அந்த வகையில் நல்லது. ஆனால் மரச்சீனியில் இருக்கும் சயனைடு சார்ந்த பொருள் உடம்பில் தயோசயனேட்டாக மாறும். தைராய்டு செல் அயோடினை உள்ளே இழுக்கும் அதே வாசலில் தயோசயனேட்டும் போட்டிக்கு நிற்கும். எப்போதாவது ஒரு வேளை, நம் வீடுகளில் செய்வதுபோல் தண்ணீரை வடித்து வேகவைத்துச் சாப்பிடுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மூன்று வேளையும் அதுவே உணவு என்றால் அந்த இரண்டு வாரம் குறைத்துக்கொள்வது நம் யோசனை.

மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், இந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாது என்று பயப்படுவதுண்டு. மீன் ஒவ்வாமை மீனிலுள்ள புரதத்தால் வருவது. மருந்தில் இருப்பது ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அயோடின்.

மருந்து குடிக்கும் நாள்

நாள் தவறாதீர்கள். மருந்து மும்பையிலிருந்து உங்கள் தேதிக்குக் கணக்கிட்டு வருகிறது. ஒரு நாள் தள்ளினால் எட்டு சதவீதம் கரைந்துவிடும். நூறு மில்லிகியூரி மறுநாள் 92 ஆகும். எட்டு நாளில் ஐம்பது.

தைராய்டு மிச்சத்தை அழிக்க 30 முதல் 100 மில்லிகியூரி, நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியிருந்தால் 150 முதல் 200 வரை கொடுப்பது வழக்கம். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதிப்படி 30 மில்லிகியூரிக்கு மேல் போனால் தனி அறையில் தங்க வேண்டும். அந்த அறையின் கழிவறைத் தண்ணீர் நேராக ஊர்ச் சாக்கடைக்குப் போகாது. தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் குறைந்தபின்தான் வெளியே விடுவார்கள்.

குடிக்கும் முன் இரண்டு மணி நேரமாவது வெறும் வயிறு, குடித்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிட வேண்டாம். மருந்து கேப்சூலாகவோ, குழல் போட்டு உறிஞ்சும் நீராகவோ இருக்கும். நீர் மருந்தென்றால் குப்பியைத் தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலம்பிக் குடிக்கச் சொல்வார்கள், சுவரில் ஒட்டியிருப்பதும் உள்ளே போக வேண்டும். குமட்டல் வரும் உடம்பு என்றால் முன்பே சொல்லுங்கள், வாந்தியை அடக்க மாத்திரை கொடுப்பார்கள். குடித்த கொஞ்ச நேரத்திலேயே வாந்தி எடுத்தால் துடைக்கப் போகாதீர்கள், யாரையும் பக்கத்தில் கூப்பிடாதீர்கள். மணியடித்துச் சொல்லுங்கள். எவ்வளவு வெளியே போயிற்று என்று அளக்க வேண்டியது அவர்கள் வேலை.

பிறகு தண்ணீர். ஒரு நாளைக்கு இரண்டரை மூன்று லிட்டர், மணிக்கொரு முறை சிறுநீர். தைராய்டு எடுத்தது போக மிச்சத்தில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் இப்படித்தான் வெளியேறும். சிறுநீர்ப் பையில் தேங்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பைக்கும் கருப்பைக்கும் கதிர். சிறுநீரகமோ இதயமோ பலவீனமானவர்கள் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலம் கட்டினாலும் உடனே சொல்லுங்கள்.

உமிழ்நீர்ச் சுரப்பியும் அயோடினை இழுக்கும். அதனால்தான் தாடை வீங்குகிறது, வாய் காய்கிறது, சில நாள் எதைத் தின்றாலும் தகரம் நக்கியதுபோல் இருக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், புளிப்பு மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறி வெளியேறும் என்பது உண்மை. ஆனால் மருந்து குடித்த உடனே தொடங்கினால் சுரப்பிக்கு ரத்த ஓட்டம் கூடி அதிக மருந்து அங்கே போய்ச் சேரலாம் என்பதால், 24 மணி நேரம் கழித்துத் தொடங்கச் சொல்பவர்கள் பலர். உங்கள் வார்டில் சொல்லும் நேரத்தைப் பின்பற்றுங்கள்.

அறைக்குக் கொண்டுபோகும் பொருள் திரும்பி வராமலும் போகலாம். பழைய துணி, பழைய செருப்பு, ஒரு புத்தகம் போதும். கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். தாலிச் சங்கிலி, ஜெபமாலை, கயிறு எல்லாம் வியர்வையில் நனையும், முன்பே வீட்டாரிடம் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

வீடு திரும்பும் வழி

ஒரு மீட்டர் தள்ளி அளக்கும்போது கதிர் மணிக்கு 50 மைக்ரோசீவர்ட்டுக்கு (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) கீழே வந்தால் அனுப்புவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இந்த எண்ணை வைத்தே வழிப்பயணத்தைக் கணக்குப் போடலாம். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் சாலையில் இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு மீட்டரில் கூடவே உட்கார்ந்து வருபவருக்கு அதிகபட்சம் 100 மைக்ரோசீவர்ட், அதாவது 0.1 மில்லிசீவர்ட். பொதுமக்களுக்கான வருட வரம்பு 1 மில்லிசீவர்ட், அதில் பத்தில் ஒரு பங்கு. தூரத்தை இரட்டிப்பாக்கினால் கதிர் நான்கில் ஒன்றாகும், இரண்டு மீட்டரில் மணிக்கு 12.5 மைக்ரோசீவர்ட். ஆகவே கூட்டப் பேருந்தும் ரயிலும் வேண்டாம். கார் பிடித்து, ஓட்டுநருக்கு எதிர்மூலையில் பின்சீட்டில் உட்காருங்கள். கூட ஒருவர் போதும், அவர் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. களியக்காவிளை நெரிசலில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து நினைத்து, கிளம்பும் முன் கழிவறை போய்விட்டு வாருங்கள்.

விமான நிலையக் கருவிகள் வாரக்கணக்கில் கழித்தும் மிச்சக் கதிரைக் கண்டுபிடித்துச் சத்தம் போடும். வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

வீட்டில்

எவ்வளவு நாள் என்பது உங்கள் தாளில் இருக்கும். பொதுவாகப் பெரியவர்களிடமிருந்து ஒரு வாரம் தனிப்படுக்கை, குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் அதைவிட நீண்ட விலகல். பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறும் வீடு என்றால், பிள்ளையைச் சில நாள் சித்தி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ அனுப்பிவிடுவது நோயாளியைக் கதவடைத்து வைப்பதைவிட மனசுக்கு நல்லது.

தூரத்தால் வரும் கதிர் ஒரு பக்கம். எச்சில், சிறுநீர், வியர்வை வழியாக மருந்தே இன்னொருவர் உடம்புக்குள் போவது இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் வீட்டில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். வெற்றிலை போடுகிறவர்கள் முற்றத்தில் துப்பக் கூடாது; இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறோம். முதல் சில நாள் வெற்றிலையையே நிறுத்த முடிந்தால் மிக நல்லது, முடியாவிட்டால் கழிவறையில் துப்பித் தண்ணீர் ஊற்றுங்கள். வாழையிலையில் சாப்பிட்டு ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். தனி எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வைத்து, தனியாகக் கழுவிக்கொள்வதே எளிது. தோப்பிலும் விளையிலும் ஒதுங்கக் கூடாது. செப்டிக் தொட்டியுள்ள கழிவறையில், ஆண்களும் உட்கார்ந்து சிறுநீர் கழித்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் விட வேண்டும். துணி, துண்டு, தலையணை உறையைத் தனியாகத் துவையுங்கள். கிணறு கெட்டுப்போகுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும் பொருள் எண்பது நாளில் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். தொட்டிக்குள் போனது அங்கேயே அடங்கிவிடும்.

பெண்கள் குறைந்தது ஆறு மாதம், ஆண்கள் நான்கு மாதம் குழந்தைக்கு முயலக் கூடாது. கருத்தடைக்கு என்ன வழி என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் ஒரு கேள்வி தவறாமல் வரும்: ஏற்கெனவே கதிர் உள்ள கடற்கரையில் வாழ்கிறோமே, இன்னும் இதுவுமா என்று. அந்த மணலின் மோனசைட்டில் இருப்பது தோரியம். அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு, மெதுவாக, எப்போதும் கதிர் விட்டுக்கொண்டிருப்பது. நீங்கள் குடித்தது எட்டு நாள் பொருள், போகும் இடம் தைராய்டு. ஒன்று மற்றொன்றைக் கூட்டுவதும் இல்லை, சிகிச்சையைக் கெடுப்பதும் இல்லை. இதேபோன்ற மணலுள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

படத்தில் தெரியும் பொய்ப்புள்ளி

மருந்து குடித்து ஐந்து முதல் எட்டு நாளுக்குள் முழு உடல் ஸ்கேன் எடுப்பார்கள். கேமராவுக்குத் தெரிவது கதிர் மட்டுமே, அது உடம்புக்குள்ளிருந்து வருகிறதா துணியிலிருந்து வருகிறதா என்பது தெரியாது. சட்டைப் பையில் எச்சில் துடைத்த கைக்குட்டை இருந்தால், படத்தில் நெஞ்சுப் பக்கம் பளிச்சென்று ஒரு கறுப்புப் புள்ளி விழும். பார்ப்பவருக்கு அது விலா எலும்பில் பரவிய நோய் போலவே இருக்கும். உள்ளாடையில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டிருந்தால் இடுப்பெலும்பில். அன்று காலை தலை குளித்து, துவைத்த துணி உடுத்தி, பைகளைக் காலி செய்து, மேசையில் ஏறும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். சந்தேகப் புள்ளி தெரிந்தால் உடை மாற்றி அந்த இடத்தைத் துடைத்து மறுபடி எடுப்பார்கள், பயந்துவிடாதீர்கள். குடலில் தெரிவதும் பெரும்பாலும் வெளியேறிக்கொண்டிருக்கும் அயோடின்தான்.

ஹைப்பர்தைராய்டுக்குக் குடிப்பவர்கள்

இங்கே அளவு குறைவு, 5 முதல் 15 மில்லிகியூரி, அன்றே வீட்டுக்கு வரலாம். ஆனால் அளவு குறைந்ததால் கவனமும் குறையலாம் என்று நினைப்பது தவறு. புற்றுநோயாளிக்குத் தைராய்டு அகற்றப்பட்டுவிட்டது, மருந்தில் மிச்சம் சிறுநீரில் போய்விடும். இவர்களுக்கோ முழுச் சுரப்பி கழுத்தில் இருக்கிறது, மருந்தில் பாதிக்கு மேல் இழுத்துப் பல நாள் வைத்துக்கொள்ளும். பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூங்கவைக்கும் அந்த நேரம்தான் கூடாதது. தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைச் சில நாள் முன் நிறுத்தச் சொல்வார்கள். கண் பிதுங்கியிருந்தால் அந்தக் கண் நோய் கூடலாம், முன்பே காட்டுங்கள், புகைப்பதை விடுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பிறகு தைராய்டு குறைந்து வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை வேண்டிவரலாம். அது சிகிச்சை தோற்றதால் அல்ல, எதிர்பார்த்ததே.

எம்ஐபிஜி என்ற சேர்மத்தோடு அயோடினைச் சேர்த்து, அட்ரினல் கட்டிக்கும் குழந்தைகளின் நரம்புக் கட்டியான நியூரோபிளாஸ்டோமாவுக்கும் கொடுப்பதுண்டு. அங்கே எல்லாம் தலைகீழ். தைராய்டுக்கு மருந்து போகவே கூடாது என்பதால் முன்கூட்டியே சாதாரண அயோடின் உள்ள பொட்டாசியம் அயோடைடோ லுகால் கரைசலோ கொடுத்துச் சுரப்பியை நிரப்பி மூடிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சாதாரண அயோடினையே குடிக்கிறாரே, நமக்கு ஏன் மீன்கூடத் தரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

அதற்குப் பிறகு

தைராக்சின் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கேட்காமல் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே தொடங்கச் சொல்வார்கள். அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றில், சாயாவுக்கு அரை மணி நேரம் முன். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் கழித்து. மீனுக்கு எப்போது திரும்பலாம் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள், ஸ்கேன்வரை பொறுக்கச் சொல்கிறவர்களும் உண்டு.

ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில், தைராய்டு செல் சுரக்கும் புரதமான தைரோகுளோபுலினும் அதற்கெதிரான ஆன்டிபாடியும் ரத்தத்தில் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஆன்டிபாடி இருந்தால் தைரோகுளோபுலின் குறைவாகக் காட்டி ஏமாற்றும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், இந்தப் பரிசோதனைகளில் பலவற்றை அது குழப்பும். ஒவ்வொரு முறையும் ஒரே பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கூடத்துக்குக் கூடம் அளவு மாறும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஒரே கூடத்து எண்களில்தான் சரியாகத் தெரியும்.